கேட்டுக்கு வெளியே ஒரு செருமல்

பீளமேட்டில் நான் படித்த கல்லூரியில் நாடகத் துறைக்குக் கிடைத்தது மூன்றாவது மாடியின் கோடி அறை. உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, ஒரு சுவரில் பெரிய கண்ணாடியைப் பதித்துக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் விமான நிலையம். விமானம் இறங்கும் நேரத்தில் எதிரில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. சத்தம் கேட்டதும் யார் எப்படி நிற்கிறார்களோ அப்படியே நின்றுவிட வேண்டும். கையைத் தூக்கியிருந்தால் தூக்கியபடி, அழுதுகொண்டிருந்தால் கண்ணைத் துடைக்காமல். விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கணபதியில் எங்கள் வீட்டுக்கு மேலேயும் விமானம் போகும். தோசையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகிற கை பாதியில் நின்றுவிடும். "என்ன கண்ணு, கையில சுளுக்கா?" என்று அம்மா கேட்பாள். எனக்குச் சிரிப்பு வரும். உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் பிறகு நம்மைக் கேட்காமலே செய்யும் என்பது அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அப்பாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் லேத்துப் பட்டறை. பம்புசெட்டுக்கு வேண்டிய ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுப்பார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்து பட்டறையைப் பெரிதாக்குவேன் என்று நம்பியிருந்தார். பெண் பிள்ளை என்பதற்காக அந்த நம்பிக்கையை அவர் ஒரு சுற்றுகூடக் குறைத்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நாடகம் படிக்கப்போகிறேன் என்று நான் போய் நின்றபோது அவர் கத்தவில்லை. அம்மாவைப் பார்த்து, "கூத்தாடறதுக்கெல்லாமா காலேஜு வெச்சிருக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். எதுவானாலும் அம்மா வழியாகத்தான். நானும் அவர் மகள்தானே, வீம்புக்குக் குறைச்சல் இல்லை. நானும் பேசவில்லை.

இரண்டாம் ஆண்டில் எங்கள் ஆசிரியை ஒரு தேர்வு வைத்தார். "உங்க வீட்டுல இருக்கற ஒருத்தரை இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. வசனம் கூடாது. நையாண்டி பண்ணினீங்கன்னா மார்க் கிடையாது. அவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா, எந்திரிச்சு வணக்கம் சொல்லணும்" என்றார். வகுப்பில் பாதிப் பேர் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். பேசாத மனிதரைப் பார்த்துப் படிப்பது சுலபம். பேச்சு இல்லாததால் மற்றதெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

உட்காருமுன் லுங்கியை முழங்காலுக்கு மேல் ஒரு பிடி சுருட்டுவார். தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்கினால், குடிப்பதற்கு முன்னால் அதன் விளிம்பில் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றுவார். இரும்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். எவர்சில்வர் டம்ளரில் என்ன பிசிறு இருக்கப்போகிறது, ஆனாலும் சுற்றுவார். எல்லாவற்றையும் விட அவருடைய செருமல். வெளியே போய்விட்டு வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று செருமுவார். முதலில் லேசாக ஒன்று, பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து ஒன்று. அவ்வளவுதான், சமையலறையில் அம்மாவின் கேஸ் லைட்டர் டிக் டிக்கென்று அடிக்கும். அவர் செருப்பைக் கழற்றிக் கால் கழுவி உள்ளே வருவதற்குள் காப்பி தயாராகிவிடும். நான் பிறந்ததிலிருந்து அந்த இரண்டு சத்தங்களையும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அந்தச் செருமல் சாமானியத்தில் எனக்கு வரவில்லை. என் குரல் கொஞ்சம் கட்டைக் குரல்தான், ஆனாலும் அவர் செருமல் தொண்டையிலிருந்து வருவதில்லை, வயிற்றிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆயிற்று. சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்ப் பழகுவேன். ஒருநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத இரும்பு வாசம். தோள் தானாகவே இறங்கியது. நாலு நடை நடந்து, நின்று, செருமினேன். அச்சு அசலாக வந்தது. எனக்கே புல்லரித்தது. சந்தோஷத்தில் திரும்பினால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார்.

தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் மேலே வந்திருக்கிறார். தண்ணீர் அவர் காலடியில் ஓடியது. என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வந்தது. நான் வழக்கப்படி அப்படியே நின்றுவிட்டேன். அவரும் நின்றார். சத்தம் ஓய்ந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். கீழே மோட்டார் நின்ற சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து அவர் கேட்டில் செருமவில்லை. சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து, சத்தமில்லாமல் கால் கழுவி, சமையலறை வாசலில் வந்து நின்றார். அம்மா திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஏனுங்க, வந்ததே தெரியலீங்களே" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். காப்பி தாமதமாக வர, உட்கார்ந்து டம்ளருக்காகக் காத்திருந்தார். நான் கிண்டல் செய்ததாக நினைத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. போய்ச் சொல்ல வேண்டும், அப்பா, அது கிண்டல் இல்லைங்க, பரீட்சைங்க என்று. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த மாதமே ஒரு மத்தியானம் பட்டறையில் மிஷினைக்கூட நிறுத்தாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியது என் காதில் விழத்தான் செய்தது. விழ வேண்டும் என்றுதானே பேசினார்கள். "புள்ளைய நெனச்ச வெசனத்துலதானுங்க போயிட்டாரு" என்றார் அத்தை, அப்பாவின் தங்கை. பெரியப்பா தலையை ஆட்டினார். கோபத்தோடு போனவர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று யாரோ சொன்னார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாளோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது.

தள்ளிப்போட்ட தேர்வை நான் அப்பாவை வைத்தே செய்தேன். வேறு யாரையும் தெரியாது எனக்கு. முடிந்ததும் ஆசிரியை எழுந்து நின்றுவிட்டார். வேஷம் கலைக்க எங்கள் அறையில் ஒரு முறை உண்டு. முகத்தைக் கழுவி, சொந்தத் துணியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று தன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் கழுவினேன், மாட்டினேன், சொன்னேன். ஆனால் அப்பா என்னை விட்டுப் போகவில்லை. அன்றிரவு சாப்பாட்டில் என் கட்டைவிரல் டம்ளரின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா பார்ப்பதற்குள் கையை இழுத்துக்கொண்டேன்.

பிறகு செருமல் தானாக வர ஆரம்பித்தது. நூலகத்தில் வரும், பஸ்ஸில் வரும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட அன்றே அவர் அதை விட்டுவிட்டார். உலகத்தில் அந்தச் சத்தம் இப்போது என் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. திருடிய பொருளை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் திரிகிற ஆள் மாதிரி இருந்தேன்.

வருஷ திதி வந்தது. எங்கள் வீட்டில் படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் தலைவாழை இலையில் வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து முன்கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். பிறகு கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். அன்று பச்சைப்பயறு கடைசல், வடை, பணியாரம் எல்லாம் இருந்தது. இலையின் ஓரத்தில் அம்மா முக்கு பேக்கரியிலிருந்து வாங்கிய ஒரு முட்டை பப்ஸையும் வைத்திருந்தாள். திதிக்கு முட்டையா என்று அத்தை முகம் சுளித்தாளாம். "அவரு தெனமும் அதத்தானுங்க தின்னாரு" என்றாளாம் அம்மா.

இதையெல்லாம் பிறகுதான் கேள்விப்பட்டேன். மூன்றாம் ஆண்டு நாடக ஒத்திகையை முடித்துக்கொண்டு நான் தாமதமாகத்தான் வந்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து பட்டறைச் சந்து வழியாக வந்தால் பின்கதவு பக்கம். படையலுக்கு நேரம் தவறிவிட்டதே, அத்தை வறுத்து எடுக்கப் போகிறாள் என்ற பதைப்பில் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. இலையும் விளக்கும் புகையும் மட்டும். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறார்கள் என்று புரிவதற்குள் சாம்பிராணிப் புகை தொண்டையில் ஏறியது. செருமிவிட்டேன். முதலில் லேசாக, பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்து.

வெளியே அத்தையின் அலறல். "அண்ணன் வந்துட்டாருங்க! என்ர சாமி வந்துட்டாருங்க!" பெரியப்பா அழுகிற சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை. நான் விமானத்துக்கு நிற்பதுபோல நின்றேன். கதவு திறக்கப்போகிறது என்று உறைத்ததும் பின்வழியாக வெளியே வந்து, சந்தைச் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் வருகிறவள்போல் முன்வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அத்தை ஓடிவந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்கொப்பாரு வந்துட்டுப் போனாரு கண்ணு. கோவமெல்லாம் போயிருச்சு. கோவமிருந்தா வருவாரா சொல்லு?" ஒரு வருஷமாக என்னை ஏறெடுத்துப் பார்க்காதவள் கண்ணு என்று கூப்பிட்டாள். அம்மா உள்ளே போய் அந்த இலையிலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் அப்படி வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? சாயங்கால அடுப்பையே பற்றவைக்காமல் இருந்தவள் மறுநாளிலிருந்து பற்றவைக்க ஆரம்பித்தாள். சொந்தக்காரர்கள் வந்தால் அத்தை அந்தக் கதையைச் சொல்லுவாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுவாள். அது நான்தான் என்று சொன்னால் அவள் கையிலிருக்கிற சோற்றைப் பிடுங்கியதுபோல ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் அவள் புருஷன் வந்தார் என்று நான் ஆயுளுக்கும் ஏமாற்ற வேண்டும். இதை விடவும் ஒரு கேள்வி என்னை உலுக்கியது. நான் செருமவேண்டும் என்று நினைக்கவே இல்லை. அப்படியென்றால் செருமியது யார்?

படிப்பு முடிந்து சரவணம்பட்டியில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கப் போனேன். வீட்டுக்கு வரும்போது கேட்டில் தொண்டை இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே போனில் செய்தி அனுப்பிவிடுவேன். அதனால் கேட்டில் எந்தச் சத்தமும் தேவைப்படவில்லை.

அடுத்த திதி. இந்தத் தடவை நான் முன்ஜாக்கிரதையாக விடிந்ததிலிருந்து அம்மாவின் முந்தானையிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தியதும் வாசலில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். போன வருஷக் கதையைக் கேட்டுச் சொந்தத்தில் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லார் காதும் கதவில். நேரம் போனது. ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழைய பழக்கம்தான்.

"தொறந்தரலாங்களா?" என்றார் பெரியப்பா.

"சித்தெ இருங்க மாமா" என்றாள் அம்மா. என் பக்கம் குனிந்தாள். "மேல தண்ணி வழியுதாட்ட இருக்குது. பின்னால போயி மோட்டார நிறுத்தீட்டு வா கண்ணு."

மோட்டார் ஓடவே இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கதவு வழியாக உள்ளே போய் இலை முன்னால் நின்றேன். செரும வேண்டும். இரண்டு வருஷமாகக் கேட்காமல் வந்தது, கேட்கும்போது வரவில்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்த மூச்சையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். இலைக்குப் பக்கத்தில் அவருடைய டம்ளரில் காப்பி இருந்தது. என் கட்டைவிரல் அதன் விளிம்பில் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். விரலை நான் எடுக்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றியதும் செருமல் வந்தது. வெளியே ஜனம் கலகலத்தது.

எல்லாரும் கிளம்பிப்போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றேன். "உனக்கு எப்பம்மா தெரியும்?"

"போன வருசமே தெரியுமே" என்றாள், கையை நிறுத்தாமல். "உங்கொப்பா செருமறத உட்டுப்போட்டுத்தான கண்ணு செத்தாரு? வந்தா சத்தமில்லாமத்தான் வருவாரு."

"தெரிஞ்சே ஏன் சொல்லல?"

"உன்மேல கோவத்தோட போயிட்டாருன்னு ஊரெல்லாம் பேசுனாங்க. அந்தச் செருமலு அவுங்க காதுல உழுகட்டும்னு உட்டுட்டேன். கோவமில்லீன்னு நானும் சொல்லிப் பாத்தேன், என்ர பேச்ச ஆரு கேட்டாங்க?"

அவளை ஏமாற்றுகிறோம் என்று நான் புழுங்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுகையோடே, இத்தனை நாள் கேட்கப் பயந்ததையும் கேட்டுவிட்டேன். "மாடில என்னப் பார்த்தாரு. கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாராம்மா?"

அம்மா குழாயை மூடினாள்.

"கோவமெல்லாம் இல்ல. கீழ வந்து இங்கதான் நின்னாரு. மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு. 'ஏம்மிணி, நான் செருமுனா அத்தன அசிங்கமாவா இருக்குது?'ன்னு கேட்டாரு. இல்லீங்களே, நல்லாத்தான இருக்குதுன்னு சொன்னேன். ஆனாலும் கூச்சப்பட்டுட்டாரு. அப்பறம் செருமவே இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பவும் குழாயைத் திறந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கோபம் என்றிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். இரண்டு வருஷம் அதற்குத்தானே தயாராகிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் வெட்கப்பட்டிருக்கிறார். தன் வாசலில், தன் செருமலுக்கு.

மறுநாள் பள்ளி முடிந்து வரும்போது அம்மாவுக்குச் செய்தி அனுப்பவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றேன். தொண்டை இழுக்கும் என்று காத்திருந்தேன். இழுக்கவில்லை. தொண்டையில் செருமல் இருந்த இடம் காலியாக இருந்தது. சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து, சத்தமில்லாமல் கால் கழுவி, சமையலறை வாசலில் போய் நின்றேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. கை மட்டும் லைட்டரைத் தேடி எடுத்தது.

"ஏனுங்க, வந்ததே தெரியலீங்களே" என்றாள்.

நான்தாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவரும் பதில் சொன்னதில்லை. அடுப்பு பற்றிக்கொண்டது. நான் உட்கார்ந்து காப்பிக்காகக் காத்திருந்தேன்.